பியர் கிரில்ஸ் நிஜமாகவே கமாண்டோவா? படையிலிருந்து டிவிக்குப் போகும் பாதை எப்படிப்பட்டது?

பிளஸ் டூ படிக்கும் உங்கள் அண்ணன் மகன், ராணுவத்தின் சிறப்புப் படையான பாரா எஸ்.எஃப். பிரிவில் சேர்ந்து சில வருஷம் இருந்துவிட்டு அப்புறம் 'மேன் வெர்சஸ் வைல்டு' நிகழ்ச்சியில் வரும் பியர் கிரில்ஸ் மாதிரி டிவிக்குப் போவேன் என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மனிதர் நிஜமாகவே கமாண்டோவாக இருந்தவரா, காட்டில் அவர் செய்வதெல்லாம் உண்மையா, நம் ஊர்ப் பையனுக்கு இந்தப் பாதை சாத்தியமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை மூன்றும் சேர்ந்து ஒரே கேள்விதான்: சிறப்புப் படையில் இருந்தது ஒருவரை டிவியில் கொண்டுபோய்ச் சேர்க்குமா? சேர்க்காது. ஆனால் வேறு வழியில் போய்ச் சேர்ந்தவரை அங்கே நிலைக்க வைக்கும். கிரில்ஸ் படையை விட்டதற்கும் அவர் நிகழ்ச்சி உலகம் முழுக்க ஓடத் தொடங்கியதற்கும் நடுவில் கிட்டத்தட்ட பத்து வருஷம் இருக்கிறது. பையன் பார்க்காதது அந்தப் பத்து வருஷத்தைத்தான். ஆகவே அதைப் பற்றியும், மலைக் கயிறும் வெளிப்புறப் படப்பிடிப்புப் பாதுகாப்பும் எப்படி நடக்கின்றன என்பது பற்றியும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்கள். எட்வர்ட் மைக்கேல் கிரில்ஸ் 1974-ல் பிறந்தவர். 'பியர்' என்பது அவருடைய அக்கா வைத்த செல்லப்பெயர். ஈட்டன் பள்ளியில் படித்தவர். 1994 முதல் 1997 வரை பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். என்ற சிறப்புப் படையில், 21 எஸ்.ஏ.எஸ். ரெஜிமென்டில் இருந்தார். உயிர்தப்பும் கலையைக் கற்றுத்தருவது, ரோந்துக் குழுவுக்கு மருத்துவ உதவி செய்வது ஆகிய பொறுப்புகள் அவருடையவை. இங்கேதான் நம்மவர்கள் நிறையப் பேர் குழம்புகிறார்கள். எஸ்.ஏ.எஸ். என்றால் ஒரே படை என்று நினைக்கிறோம். 22 எஸ்.ஏ.எஸ். முழுநேரப் படை, 1980-ல் லண்டன் ஈரான் தூதரகத்தில் புகுந்து பிணைக்கைதிகளை மீட்டது அதுதான். 21-ம் 23-ம் ரிசர்வ் படைகள். வேறு வேலையோ படிப்போ இருப்பவர்கள் வார இறுதிகளிலும் முகாம்களிலும் பயிற்சி எடுத்துச் சேருகிற பிரிவுகள் அவை. அதற்காகத் தேர்வு லேசானது என்று எண்ணிவிட வேண்டாம். வேல்ஸில் 886 மீட்டர் உயரமுள்ள பென் இ ஃபான் மலையின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி, திரும்பவும் அதே வழியாக வர வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 24 கிலோமீட்டர். முதுகில் 16 கிலோ மூட்டை, கையில் துப்பாக்கி, தண்ணீர் தனி. நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இது தேர்வின் ஆரம்பக் கட்டங்களில் ஒன்று. கடைசி நடை 64 கிலோமீட்டர், 20 மணி நேரம். முதல் முறை தேறவில்லை, இரண்டாவது முறைதான் தேறினேன் என்று கிரில்ஸே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

ஆக, அவர் எஸ்.ஏ.எஸ். தேர்வில் தேறியவர் என்பது உறுதி. அதேசமயம் யூடியூபில் ஓடுகிற சில தமிழ் வீடியோக்களில் எதிரி நாட்டுக்குள் புகுந்து ரகசியப் போர் நடத்தியவர் என்றெல்லாம் வர்ணிக்கிறார்கள், அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று வருஷ ரிசர்வ் சேவையையும் இருபது வருஷ முழுநேரச் சேவையையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அவர் படையை விட்டதற்குக் காரணம் ஒரு விபத்து. 1996-ல் ஜாம்பியாவில் 16,000 அடி உயரத்திலிருந்து குதித்தபோது பாராசூட் கிழிந்தபடி விரிந்தது. முதுகெலும்பில் மூன்று கணுக்கள் உடைந்தன. பாராசூட் பயிற்சியில் இதற்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. பாராசூட்டின் குடைத்துணி சரியாக விரியவில்லை என்றால் அதைச் சரிசெய்யப் பார்க்கலாம், ஆனால் முன்பே முடிவு செய்து வைத்த உயரம் வரைதான். அந்த உயரம் வந்ததும் யோசனைக்கு இடமில்லை. வலது பக்கப் பிடியை இழுத்து முதன்மைப் பாராசூட்டை வெட்டிவிட வேண்டும், பிறகு இடது பக்கப் பிடியை இழுத்து ரிசர்வ் என்ற மாற்றுப் பாராசூட்டை விரிக்க வேண்டும். வெட்டாமல் ரிசர்வை இழுத்தால் இரண்டும் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. எதுவும் விரியாமல் விழுகிறவர் நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் இறங்குகிறார். 900 மீட்டரைக் கடக்க இருபது நொடிகூட ஆகாது. சரிசெய்துவிடலாம், நேரம் இருக்கிறது என்று நினைத்ததுதான் தன் தவறு, வெட்டிவிட்டு ரிசர்வுக்குப் போயிருக்க வேண்டும் என்று கிரில்ஸ் பின்னாளில் சொன்னார். பையனுக்கு அவருடைய வாழ்க்கையிலிருந்து ஒன்றே ஒன்றைச் சொல்லித்தர முடியுமென்றால் நான் இதைத்தான் எடுப்பேன். திறமை இருந்தும் அடிபட்டவர்கள் பலரிடம் இந்தத் 'நேரம் இருக்கிறது' என்ற நினைப்பைப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பத்து வருஷம். ராணுவ மறுவாழ்வு மையத்துக்கு ஏறத்தாழ ஒரு வருஷம் போய் வந்தார். 1998 மே 16 அன்று, 23 வயதில், எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். எவரெஸ்ட் ஏறிய மிக இளைய பிரிட்டிஷ்காரர் என்று அப்போது பரவலாக எழுதினார்கள். இது விவாதத்துக்கு உரிய இடம். 1995-லேயே ஜேம்ஸ் ஆலன் என்பவர் 22 வயதில் ஏறியிருக்கிறார். ஆஸ்திரேலிய அணியோடு போனவர், பிரிட்டிஷ் குடியுரிமையும் உள்ளவர். ஏறியது உண்மை, பட்டம்தான் கேள்விக்குரியது. அடுத்து மேடைப் பேச்சு, எவரெஸ்ட் பற்றி ஒரு புத்தகம், அந்த ஏற்றத்தை வைத்து ஒரு டியோடரன்ட் விளம்பரம். டிவித் திரையில் அவர் முகம் தெரிந்தது அந்த விளம்பரத்தின் வழியாகத்தான். 2000-ல் ஜெட் ஸ்கீயில் பிரிட்டனைச் சுற்றி வந்தார். 2003-ல் ஒரு சிறு குழுவோடு, மேல்மூடி இல்லாத ரப்பர் விளிம்புப் படகில், கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து ஸ்காட்லாந்து வரை வட அட்லாண்டிக்கைக் கடந்தார். 2005-ல் பிரிட்டனின் சேனல் 4 டிவி, பிரெஞ்சு அயல்நாட்டுப் படையின் பயிற்சியைப் பாலைவனத்தில் நடத்திக் காட்டிய தொடரில் அவரைப் போட்டது. 2006-ல் டிஸ்கவரியின் 'மேன் வெர்சஸ் வைல்டு'. இந்த வரிசையைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் அவர் பணம் திரட்டியிருக்கிறார், புரவலர் பிடித்திருக்கிறார், முடித்திருக்கிறார், முடித்ததை எழுதியோ பேசியோ கதையாக்கியிருக்கிறார். ஒரு சேனல் அதிகாரி வாங்கியது இதைத்தான். எஸ்.ஏ.எஸ். என்ற மூன்றெழுத்து அறிமுக வரியில் வந்தது, அவ்வளவே. அந்த மூன்றெழுத்து உள்ளவர்கள் பிரிட்டனில் எத்தனையோ பேர். முகம் தெரிய விரும்புகிறவர்கள் அவர்களில் கொஞ்சம், லென்ஸைப் பார்த்துப் பேசத் தெரிந்தவர்கள் அதைவிடக் கொஞ்சம்.

இனி, செய்வதெல்லாம் உண்மையா என்ற கேள்வி. 2007-ல் இது பெரிய சர்ச்சையானது. ஹவாயில் ஆளில்லாத் தீவில் தவிப்பதாகக் காட்டிய இரவுகளில் அவர் விடுதியில் தங்கினார். ஒரு அத்தியாயத்தில் அவர் கட்டியதாகக் காட்டிய தெப்பத்தைக் குழுவினர் முன்கூட்டியே கட்டிப் பார்த்துப் பிரித்து வைத்திருந்தார்கள். காட்டுக் குதிரை என்று காட்டியவை வாடகைக்கு வந்த பழக்கப்பட்ட குதிரைகள். நிகழ்ச்சியில் ஆலோசகராக வேலை செய்தவரே வெளியே சொன்னார். சேனல் 4 விசாரித்தது, டிஸ்கவரி பழைய அத்தியாயங்களைத் திருத்தி ஒளிபரப்பியது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் அந்த அறிவிப்பு வரத் தொடங்கியது: உயிருக்கு ஆபத்தான இடங்களில் அவருக்கும் குழுவுக்கும் உதவி உண்டு, சில சூழ்நிலைகள் செய்முறை காட்டுவதற்காக ஏற்படுத்தப்பட்டவை என்று. தமிழ் டப்பிங்கில் பார்த்தவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். என் கருத்தைக் கேட்டால், தங்கும் இடத்தை மறைத்தது தவறு, பார்ப்பவனை ஏமாற்றியது. ஆனால் கயிறு கட்டியதும் முன்கூட்டியே தெப்பம் கட்டிப் பார்த்ததும் தவறே இல்லை. அதைச் செய்யாமல் ஒருவரை ஆற்றில் இறக்கிப் படம் எடுப்பவன்தான் குற்றவாளி.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு காட்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முப்பது மீட்டர் பாறையிலிருந்து ஒருவர் கயிற்றில் இறங்குகிறார். திரையில் இருபது நொடி. வேலை அதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு தொடங்குகிறது. பாதுகாப்பு ஆள் மேலே போய் ஒன்றையொன்று சாராத இரண்டு பிடிமானங்கள் தேடுகிறார்: உயிருள்ள தடித்த மரம், அசையாத பாறை, அல்லது பாறை வெடிப்பில் பொருத்தும் உலோக ஆப்பு. இரண்டையும் இணைக்கும் பட்டைகளுக்கு நடுவே கோணம் 60 டிகிரிக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வார். அந்தக் கோணத்தில் ஒவ்வொரு பிடிமானமும் தாங்குவது எடையில் சுமார் 58 சதவீதம். கோணம் 120 டிகிரிக்கு விரிந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் முழு எடையும் விழும். இரண்டு போட்டும் பலனில்லாமல் போகும். கயிறு 11 மில்லிமீட்டர், அதிகம் நீளாத வகை. புதுக் கயிறு ஏறத்தாழ மூன்று டன் தாங்கும், முடிச்சுப் போட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். அப்படியும் எண்பது கிலோ மனிதனுக்கு அது தாராளம். பின்னே கயிறு எங்கே அறுகிறது? எடையால் அறுவது மிக அரிது. பாறை விளிம்பில் பக்கவாட்டில் உரசித்தான் அறுகிறது. அதனால் விளிம்பில் தடித்த கேன்வாஸ் உறையோ உருளையோ வைப்பார்கள். கேமராவில் தெரிகிறதே என்று அந்த உறையை எடுக்கச் சொல்லும் இயக்குநர்கள் உண்டு. அப்போது 'முடியாது' என்று சொல்லத்தான் பாதுகாப்பு ஆளுக்குச் சம்பளம்.

அந்தக் காட்சியில் நடிப்பவருக்கு முன்னால் கேமராமேன் தன் தனிக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருப்பார், ஒரு கையில் கேமராவோடு. அவருக்கும் தனிப் பிடிமானம், தனிப் பாதுகாப்புக் கயிறு வேண்டும். நிகழ்ச்சியாளர் காட்டுக்கொடியைப் பிடித்து இறங்குவதாகக் காட்சி என்றால், சட்டைக்குள்ளே ஹார்னெஸ் என்ற, உடம்பைத் தாங்கும் மெல்லிய பட்டையும் கேமராவுக்கு மறுபக்கமாக ஒரு கயிறும் போவது இந்தத் தொழிலில் சாதாரணம். தண்ணீர்க் காட்சி இதைவிடக் கண்டிப்பானது. குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூச்சுத் திணறல் அடங்க ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம் வரைதான், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஆளை வெளியே எடுத்தாக வேண்டும். ஆகவே ஆற்றின் கீழ்ப்பக்கம் வீசும் கயிற்றுப் பையோடு இரண்டு பேர் நிற்பார்கள். பையில் 15 முதல் 20 மீட்டர் கயிறுதான் இருக்கும்; ஆற்றின் அகலம் அதைவிட அதிகம் என்றால் மறுகரையிலும் ஆள் தேவை. இரண்டாவது டேக் எடுப்பதற்கு முன் உலர்ந்த உடை மாற்றி உடம்பைச் சூடேற்ற வேண்டும். நேரம் போகிறதென்று ஈர உடையோடு மூன்றாவது டேக் எடுக்கும்போதுதான் விபத்து நடக்கும், ஏனென்றால் அதற்குள் விரல்கள் முடிச்சுப் போடும் பலத்தை இழந்திருக்கும். ஒரு முன்னாள் கமாண்டோவின் உண்மையான மதிப்பு தெரிவது இங்கே. குளிரிலும் களைப்பிலும் நிதானமாகச் சொன்ன வேலையைச் சொன்ன வரிசையில் செய்கிறார், தன்னால் முடியாதபோது அதை வெளிப்படையாகச் சொல்கிறார்.

கிரில்ஸ் டிவியில் காட்டுவதையெல்லாம் பையன் செய்து பார்க்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவர் சிறுநீர் குடிக்கும் காட்சி தமிழ்நாடு முழுக்கப் பிரபலமாகிவிட்டது. அமெரிக்கத் தரைப்படையின் உயிர்தப்பும் கையேடு, குடிக்கக் கூடாதவை என்ற பட்டியலில் கடல்நீர், ரத்தம், மது ஆகியவற்றோடு சிறுநீரையும் சேர்த்திருக்கிறது. அதில் இருக்கும் உப்பையும் கழிவையும் திரும்ப வெளியேற்ற உடம்பு இன்னும் தண்ணீரைச் செலவழிக்கிறது. பச்சையாகத் தவளை, பூச்சி, மாமிசம் தின்பதும் அப்படித்தான். ஒட்டுண்ணி ஒருபக்கம், புரதம் செரிக்கத் தண்ணீர் வேண்டும் என்பது மறுபக்கம். தண்ணீர் இல்லாதவன் மாமிசம் தேடிப் போவதில் அர்த்தமில்லை. பிரிட்டிஷ் படைகள் கற்றுத்தரும் வரிசை வேறு: முதலில் வெயில், மழை, குளிரிலிருந்து பாதுகாப்பு, இரண்டாவது இருக்கும் இடத்தை மற்றவர்களுக்குத் தெரிவிப்பது, மூன்றாவது தண்ணீர், கடைசியில்தான் உணவு. உணவில்லாமல் வாரக்கணக்கில் தாங்கலாம், தண்ணீரில்லாமல் சில நாள், கொட்டும் மழையிலும் குளிர்காற்றிலும் நனைந்த உடம்போடு சில மணி நேரம்தான். எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தால், வழி தவறியவன் செய்யக்கூடிய மிக நல்ல காரியம் அந்த இடத்தை விட்டு நகராமல் இருப்பது. விசில் இருந்தால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊத வேண்டும். ஒருவர் அசையாமல் உட்கார்ந்து விசில் ஊதுவதை ஒரு மணி நேர நிகழ்ச்சியாக எடுக்க முடியாது. அதனால்தான் கிரில்ஸ் ஓடுகிறார், குதிக்கிறார், அருவியில் இறங்குகிறார்.

அவர் ஒருவரை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம், மற்றவர்களின் பாதையையும் பாருங்கள். ஜேசன் ஃபாக்ஸ் பதினாறு வயதில் பிரிட்டிஷ் கடற்படையின் தரைப்போர்ப் பிரிவான ராயல் மரீன்ஸில் சேர்ந்து பின்பு எஸ்.பி.எஸ். என்ற கடற்படைச் சிறப்புப் பிரிவுக்குப் போனவர். இருபது வருஷத்துக்குப் பிறகு 2012-ல், போர் விட்டுச்சென்ற மனக்காயத்தால் மருத்துவக் காரணம் காட்டி விடுவிக்கப்பட்டார். டிவிக்கு வந்தது அதன் பிறகு, 2015-ல் சேனல் 4-ன் எஸ்.ஏ.எஸ். தேர்வு நிகழ்ச்சியில். 2016-ல் ஐந்து பேர் குழுவாகப் போர்ச்சுக்கலிலிருந்து வெனிசுவேலா வரை துடுப்புப் போட்டே ஐம்பது நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். தன் மனநிலையைப் பற்றி அவர் ஒளிக்காமல் பேசியது மற்ற முன்னாள் வீரர்களுக்கு எவ்வளவு உதவியது என்பதைத் தனியாகவே எழுதலாம். அதே படகில் இருந்த ஆல்டோ கேன் மரீன்ஸில் ஸ்னைப்பராக, அதாவது தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடுபவராக இருந்தவர். அவருடைய வழி இன்னும் கவனிக்க வேண்டியது. முதலில் கேமராவுக்குப் பின்னால் கயிறு கட்டும் வேலை, படக்குழுவின் உயிரைக் காப்பாற்றும் வேலை. காங்கோவின் நியிராகோங்கோ எரிமலை வாய்க்குள் பிபிசி குழுவை இறக்கியவர்களில் ஒருவர். அப்புறம்தான் கேமராவுக்கு முன்னால் வந்தார். நிர்மல் புர்ஜா பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்கா படையிலிருந்து எஸ்.பி.எஸ்.ஸுக்குப் போன முதல் ஆள். 2018-ல் ஓய்வூதியத்தைக் கைவிட்டு வெளியேறி, வீட்டை அடமானம் வைத்து, 2019 ஏப்ரல் 23-க்கும் அக்டோபர் 29-க்கும் நடுவில் எண்ணாயிரம் மீட்டருக்கு மேலுள்ள பதினான்கு சிகரங்களையும் ஏறி முடித்தார். ஆவணப்படம் 2021-ல்தான் வந்தது. அவர் மலைக்குப் போகும்போது எந்தச் சேனலும் செக் எழுதிக் கொடுக்கவில்லை.

இவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் வளைகுடாப் போரைப் பற்றிச் சிறப்புப் படையினர் வரிசையாகப் புத்தகம் எழுதிய பிறகு, பிரிட்டன் 1996-ல் ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. கையெழுத்துப் போட்டவர் படையை விட்ட பிறகும், அங்கே நடந்ததைப் பற்றி எழுதவோ பேசவோ பாதுகாப்பு அமைச்சகத்தின் எழுத்துப்பூர்வ முன் அனுமதி வேண்டும். நியூசிலாந்தில் வாழ்ந்த ஒரு முன்னாள் வீரர் புத்தகம் எழுதியபோது வழக்கு, அப்போது அந்நாட்டின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 2003-ல் ஒப்பந்தம் செல்லும் என்று தீர்ப்பானது: புத்தகம் வரலாம், லாபம் எழுதியவருக்குக் கிடையாது. இதனால்தான் இவர்கள் டிவியில் குணம், குழு, பயம், குளிர் பற்றி நிறையப் பேசுகிறார்கள், நடவடிக்கைகளைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்வதில்லை. இந்தியாவில் 1923-ம் ஆண்டின் அரசாங்க ரகசியச் சட்டம் ஓய்வுக்குப் பிறகும் பொருந்தும். பாரா எஸ்.எஃப். அனுபவத்தையே முதலாக வைத்து யூடியூப் சேனல் நடத்தலாம் என்று பையன் கணக்குப் போட்டால், அந்த முதலில் பெரும்பகுதியை அவன் வெளியே எடுக்கவே முடியாது.

நம் ஊர்க்காரர்கள் அருகில் பார்த்த அத்தியாயங்கள் இரண்டு. 2019 ஆகஸ்ட் 12 அன்று கார்பெட் காட்டில் பிரதமர் மோடியோடு ஒளிபரப்பானது ஒன்று. அவர் இந்தியில் பேச, கிரில்ஸ் ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டே நடந்தார். இவருக்கு இந்தி எப்படித் தெரிந்தது என்று பலர் கேட்டார்கள். கிரில்ஸின் காதில் இருந்த சின்னக் கருவி வழியே உடனுக்குடன் மொழிபெயர்ப்பு போய்க்கொண்டிருந்தது என்று பிரதமரே வானொலியில் பிறகு விளக்கினார். ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒலிப்பதிவாளர், பாதுகாப்பு வளையம் எல்லாம் சட்டகத்துக்கு வெளியே கூடவே இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம். மற்றது பந்திப்பூரில் ரஜினிகாந்தோடு 2020 ஜனவரியில் படமாக்கி மார்ச் 23-ல் வந்தது. ரஜினிக்கு அடிபட்டுவிட்டது என்று செய்தி பரவியபோது, முள் குத்தியதுதான் என்று அவரே சொன்னார். எழுபதை நெருங்கும் ஒருவரைப் புலிகள் வாழும் காட்டுக்குள் கூட்டிப்போய் முள் குத்தலோடு திருப்பி அனுப்பியது அந்தக் குழுவின் திட்டமிடலுக்குக் கிடைத்த நல்ல மதிப்பெண்.

இப்போது பையனைப் பற்றி. பிளஸ் டூ முடித்ததும் என்.டி.ஏ. எனும் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் நுழைவுத் தேர்வு எழுதலாம். பட்டம் முடித்தால் சி.டி.எஸ். என்ற முப்படைத் தேர்வு வழியாகச் சென்னைப் பரங்கிமலையின் அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.வில் 49 வாரப் பயிற்சி பெற்று, குறுகிய காலச் சேவையில் 10 வருஷமும் நீட்டித்தால் மேலும் 4 வருஷமும் இருக்கலாம். கல்லூரியில் என்.சி.சி. எடுத்து 'சி' சான்றிதழ் பெற்றால் எழுத்துத் தேர்வு இல்லாத சிறப்பு நுழைவும் உண்டு. பாரா எஸ்.எஃப்.க்கு விருப்பம் தெரிவித்துத்தான் போக முடியும். சில மாதங்கள் நீளும் ப்ரொபேஷன் என்ற தகுதிச் சோதனைக் காலத்தில் பெரும்பாலானவர்கள் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அதைத் தாண்டி ஆக்ராவில் ஐந்து முறை பாராசூட்டில் குதித்துத் தேற வேண்டும், அதில் ஒன்று இரவில். எல்லாம் நல்லபடி நடந்தாலும் வெளியே வரும்போது வயது 32-லிருந்து 36. அதிகாரிக்கு முழு ஓய்வூதியம் 20 வருஷச் சேவைக்குப் பிறகே. அதாவது பத்து அல்லது பதினான்கு வருஷத்தில் வருகிறவர் மாத வருமானம் இல்லாமல் தொடங்குகிறார். டிவிக்காகப் படைக்குப் போகிறவன் ப்ரொபேஷனின் முதல் வாரத்தையே தாண்ட மாட்டான் என்பது என் எண்ணம். படையையே விரும்பிப் போகிறான் என்றால் தடுக்காதீர்கள்.

காடும் மலையும்தான் ஆசை என்றால் அதற்குப் படை கட்டாயமில்லை, இப்போதே தொடங்கலாம். உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனம், டார்ஜிலிங்கின் இமாலய மலையேற்ற நிறுவனம் இரண்டிலும் 28 நாள் அடிப்படைப் பயிற்சி உண்டு. அதில் 'ஏ' கிரேடு வாங்கியவர்களுக்குத்தான் அடுத்த நிலைப் பயிற்சியில் இடம், ஆகவே முதல் முறையே உடம்பைத் தயார் செய்துகொண்டு போவது நல்லது. தினம் ஓடுவதைவிட, 15 கிலோ பையோடு படி ஏறி இறங்குவதுதான் அங்கே பயன்படும். இறங்குவதில்தான் முழங்கால் போகும், அதனால் எடையை வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் கூட்ட வேண்டாம். அடுத்தது, மருத்துவமனை எட்டாத இடங்களுக்கான முதலுதவிப் பயிற்சி, எட்டு ஒன்பது நாள் முழுநேரமாக. இந்தச் சான்றிதழ் இருக்கும் ஆளுக்குப் படக்குழுக்களிலும் மலையேற்ற நிறுவனங்களிலும் வேலை கிடைக்கிறது, முகம் தெரியாத வேலையானாலும். மூன்றாவது, பேசப் பழகுவது. கொல்லிமலையோ பர்வதமலையோ ஏறும்போது போனை ஒரு கையில் பிடித்து, நிற்காமல் ஏறிக்கொண்டே, அந்த நொடியில் என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று முப்பது நொடி பேசிப் பதிவு செய்யட்டும். காற்றுச் சத்தம் குரலை விழுங்கும். சட்டைக் காலரில் மாட்டும் சின்ன மைக்கும் அதன் மேல் ஒரு பஞ்சு உறையும் வேண்டும். முதல் சில பதிவுகளில் மூச்சிரைப்பு மட்டும்தான் கேட்கும். வாக்கியத்தைச் சிறிதாக்கி, மூச்சை வெளியே விடும்போது பேசப் பழகினால், ஏழெட்டு மலைக்குள் பேச்சுப் புரியத் தொடங்கும்.